கதவிலிருந்து சாலை வரை

ஆகஸ்ட் 5, திங்கள்

இந்தப் பதிவேடு எட்டு வருஷத்துக்கு முந்தையது. சத்துமாவு எத்தனை பாக்கெட் வந்தது, எத்தனை போனது என்று எழுதுவதற்காகக் கொடுத்தார்கள். பிறகு எல்லாம் செல்போன் செயலிக்குப் போய்விட்டது. பாதிப் பக்கங்கள் காலியாகக் கிடந்ததால் இனி என் பாட்டை இதில் எழுதலாம் என்று எடுத்து வைத்திருக்கிறேன். வரிசை எண், குழந்தையின் பெயர், எடை என்று மேலே தலைப்பு அச்சடித்திருக்கிறது. அதைக் கண்டுகொள்ளாமல் குறுக்கே எழுதுகிறேன்.

இன்று மையத்துக்கு இருபத்தேழு குழந்தைகள். போன மாதம் இதே நாளில் இருபத்தெட்டு.

தன்ஷிகாவின் பெயரைச் செயலியிலிருந்து எடுக்கச் சொல்லி சூப்பர்வைசர் மேடம் மூன்றாவது முறையாகப் போன் பண்ணினார். எடுக்கப் போனால் அது காரணம் கேட்கிறது. பள்ளியில் சேர்ந்தது, இடம்பெயர்ந்தது, இறந்தது. மூன்றில் ஒன்றைத் தொட வேண்டும். சோறு வடிக்கிற வேலை இருக்கிறது என்று போனை வைத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 8, வியாழன்

செங்கேணித் தோட்டத்தில் தோட்டமும் கிடையாது, செங்கேணியும் கிடையாது. கால்வாய்க்கும் கிடங்குச் சாலைக்கும் நடுவில் ஒற்றை வரிசையாக அறுபத்திரண்டு வீடுகள். முனிரத்தினம் அண்ணன் டீக்கடைதான் கதவு எண் ஒன்று. கால்வாய் முனையில் அறுபத்திரண்டு. எதிர்ப்பக்கம் கிடங்குகள், நாலு வருஷத்துக்கு முன் வந்த அடுக்குமாடி, அதன் மதிலை ஒட்டி என் அங்கன்வாடி மையம். குழந்தைகள் இந்தப் பக்கம், பால்வாடி அந்தப் பக்கம். நடுவில் கண்டெய்னர் லாரியும் தண்ணீர் லாரியும் பறக்கும். தினமும் காலையில் நானும் ஆயாவும் ஒரு நைலான் கயிற்றைக் குழந்தைகளைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, கையைக் காட்டிக் காட்டி, தாண்டிக் கூட்டிப்போவோம்.

ஜூலை 16 அன்று தன்ஷிகா கயிற்றுக்கு வரவில்லை. எழுந்திருக்க நேரமாகிவிட்டதாம். இரண்டு நிமிஷம் பார்த்துவிட்டு நாங்கள் தாண்டிவிட்டோம். பிறகு வேளாங்கண்ணி தானே கூட்டிக்கொண்டு வந்தாள். கையைப் பிடித்துக்கொண்டுதான் வந்தாள். அதை எல்லோரும் பார்த்தார்கள். தண்ணீர் லாரி எதிர்ச்சாரியில் ஏறி வந்தது.

வேளாங்கண்ணி டீக்கடைக்குப் பின்னால் இருக்கும் அறையில் வாடகைக்கு இருக்கிறாள். புருஷன் விட்டுவிட்டுப் போய் மூன்று வருஷம். அடுக்குமாடியில் நாலு வீட்டு வேலை. குழந்தை போன ஒன்பதாம் நாளே வேலைக்குப் போய்விட்டாள். அதே இடத்தில்தான் தாண்டுகிறாள், வேறு வழி கிடையாது.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

அடுக்குமாடியிலிருந்து ஸ்ரீவத்சன் என்று ஒருவர் மையத்துக்கு வந்தார். கம்ப்யூட்டர் கம்பெனி, ஆனால் சைக்கிளில்தான் போகிறாராம். தெருவில் நடப்பவர்களுக்காக ஒரு குழு வைத்திருக்கிறார். இந்தச் சாலைக்கு வேகத்தடையும் தாண்டுவதற்கு வெள்ளைக்கோடும் கேட்டு மனு கொடுக்கலாம், உங்கள் ஆட்களும் சேர்ந்தால் நல்லது என்றார். மனுவை இங்கிலீஷில் தட்டிக் கொண்டுவந்திருந்தார்.

"தமிழ்ல எழுதணும் சார். படிக்கிறவங்களுக்குக் கோபம் வராத மாதிரி எழுதணும். நான் எழுதித் தர்றேன்" என்றேன்.

"டேட்டா இருந்தா ஸ்ட்ராங்கா இருக்கும் மேடம்" என்றார்.

பதினெட்டு வருஷமாக அதுதானே என் பிழைப்பு. யார் வீட்டில் எத்தனை உயிர், எத்தனை கிலோ என்று என்னைக் கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்வேன். மனுஷர் நல்ல மாதிரி. தன்ஷிகாவின் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டார். வந்து பார்த்த மற்றவர்கள் யாரும் பெயர் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

வீடு வீடாகப் போய்ப் பட்டியல் எடுத்தேன். டீக்கடை முனையில் சாக்கடை அடைத்துத் தண்ணீர் நின்றதால் கால்வாய் முனையிலிருந்து தொடங்கினேன். வரிசை எண், குடும்பத் தலைவர் பெயர், உயிர்கள் எத்தனை, ஐந்து வயதுக்குக் கீழ் எத்தனை, வாசற்படியிலிருந்து தார் வரை எத்தனை அடி. கடைசிக் கட்டம் என் சொந்த யோசனை. ஆபத்து ஆபத்து என்று எத்தனை பேர் எழுதியிருப்பார்கள். அளந்து எழுதியவர் யார்?

குழந்தைகளின் உயரம் அளக்கிற டேப்பை எடுத்துப்போனேன். ஐந்தடி டேப். அதில் முழுசும் தேவைப்பட்ட வீடுகள் ஏழுதான். ஒரு கதவுக்கு ஒரு வரி, ஒரு பெயர். சுத்தமாக இரண்டு தாளில் அடங்கிவிட்டது. எங்கள் வீடு, கதவு எண் 44, என் பட்டியலில் 19. கடைசி வரி, 62, முனிரத்தினம் அண்ணன்.

என் வீட்டுக்காரர் எத்திராஜுக்கும் காட்டினேன். எதிர்க் கிடங்கில் மூட்டை தூக்கிவிட்டு வந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். "அச்சடிச்ச மாரி கீது" என்றார். இவர் வாயிலிருந்து ஒரு பாராட்டு வருவதே பெரிய விஷயம்.

ஆகஸ்ட் 19, திங்கள்

மாநகராட்சியில் மனு கொடுத்தாயிற்று. அறுபத்திரண்டு கையெழுத்து, அடுக்குமாடியிலிருந்து நாற்பது. மூன்றாவது பத்தியில் இப்படி எழுதியிருந்தேன்: "வாசற்படிக்கும் சாலைக்கும் இடையே இரண்டடிகூட இல்லாத வீடுகள் நாற்பத்தொன்று. இந்நிலையில் எங்கள் குழந்தைகள் இங்கு வசிப்பது உயிருக்கு ஆபத்தாக உள்ளது." ஸ்ரீவத்சன் சார் அந்த வரியை இரண்டு முறை படித்தார். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. இதில் பொய் சொல்ல என்ன இருக்கிறது.

ஆகஸ்ட் 30, வெள்ளி

எடை போடும் நாள். அறிக்கையின் கீழே சிவப்பில் வந்தது: எடை பதிவாகாதவர் 1.

செப்டம்பர் 12, வியாழன்

பொறியாளர் மேடம் வந்து பார்த்தார். சின்னப் பெண், கல்யாணம் ஆனதோ இல்லையோ. வெயிலில் வேர்க்க வேர்க்க முழுத் தெருவும் நடந்தார். முனிரத்தினம் அண்ணன் பெஞ்சைத் துடைத்துப் போட்டு டீ கொடுத்தார். மேடம் என் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, "இத யார் போட்டது? எங்க ஆளுங்களுக்கே இவ்ளோ நீட்டா வராது" என்றார்.

நான்தான் மேடம் என்றேன். பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி கையைக்கூடத் தூக்கியிருப்பேன் போலிருக்கிறது. வேளாங்கண்ணி பக்கத்தில் நின்று சிரித்தாள். ஜூலைக்குப் பிறகு அவள் சிரித்து இன்றுதான் பார்த்தேன்.

அக்டோபர் 9, புதன்

நடந்துவிட்டது. ஸ்ரீவத்சன் சார் ஓடிவந்து சொன்னார். பாதுகாப்பான சாலைகள் திட்டத்தில் கிடங்குச் சாலையைச் சேர்த்துவிட்டார்கள். இரண்டு பக்கமும் ஆறடி நடைபாதை, மேடை மாதிரி உயர்த்திய வெள்ளைக்கோடு, கம்பத்துக்குக் கம்பம் விளக்கு. நாங்கள் ஒரு வேகத்தடைதான் கேட்டோம்.

டீக்கடையில் எல்லோருக்கும் முனிரத்தினம் அண்ணன் டீ கொடுத்தார். "டீச்சர் எய்துனா ரோடே வருது. அடுத்து ரயில் வுடச் சொல்லி எய்து டீச்சர்" என்றார். வேளாங்கண்ணி மட்டும் வெள்ளைக்கோடு எந்த இடத்தில் வரும் என்று கேட்டாள். டீக்கடைக்கு நேர் எதிரே என்று சொன்னேன். தலையை ஆட்டிக்கொண்டு வேலைக்குப் போனாள்.

அக்டோபர் 11, வெள்ளி

ஆயுத பூஜை. எடை மெஷினுக்கும் டேப்புக்கும் பொட்டு வைத்தேன்.

ஆறடி என்கிறார்களே, இந்தப் பக்கம் ஆறடி எங்கே இருக்கிறது என்று சுண்டல் தின்றுகொண்டே எத்திராஜ் கேட்டார். எதிர்ப்பக்கம் பன்னிரண்டடியாகப் போடுவார்களாக்கும் என்றேன். நல்ல நாளில் இவருக்கு இப்படித்தான் கேள்வி வரும்.

நவம்பர் 18, திங்கள்

காலையில் இரண்டு பேர் பெயிண்ட் டப்பாவோடு வந்து கதவுக்குக் கதவு எண் எழுதினார்கள். நடைபாதை வேலைக்கு அளவு என்று சனங்கள் பேசிக்கொண்டார்கள். சந்தோஷமாகக் கதவைப் பிடித்துக் கொடுத்தார்கள்.

எங்கள் கதவு எண் 44. சிவப்புப் பெயிண்டில் 19 என்று எழுதியிருக்கிறது. கால்வாய் முனைதான் 1. டீக்கடை 62.

சாயங்காலம் துணி துவைத்தேன். பருப்பு வாங்க வேண்டும்.

நவம்பர் 27, புதன்

அறிவிப்பு வந்தது. மூன்று பக்கம். டீக்கடை முன்னால் எல்லோரும் கூடிவிட்டார்கள். "டீச்சர், நீ படி" என்றார்கள். பெஞ்சில் ஏறி நின்று படித்தேன்.

சாலையை அகலப்படுத்துவதற்காகவும், வசிப்பவர்களின் பாதுகாப்புக்காகவும் அறுபத்திரண்டு வீடுகளும் அகற்றப்படும். பட்டியலில் உள்ள குடும்பத் தலைவர்களுக்குக் காரணைமேடு அடுக்கு வீடுகளில் இடம் ஒதுக்கப்படும். இங்கிருந்து முப்பத்தெட்டு கிலோமீட்டர். இரண்டு பஸ் மாற வேண்டும்.

ஆளாளுக்குப் பேசினார்கள். பிள்ளைகளுக்குப் பரீட்சை வருகிறதே, அங்கே போய் என்ன வேலை செய்வது, யாரைக் கேட்டு முடிவு பண்ணினார்கள். கடைசியாக ஒருவர் கேட்டார்: "நம்மூட்டுக்கு யாருமே கணக்கெடுக்க வர்ல. பட்டியல்னு போட்டுக்கிறான். எந்தப் பட்டியலு?"

அதில் ஒன்றும் போடவில்லை என்றேன்.

பேப்பர் ஈரமாகிவிடும் என்று சொல்லி அறிவிப்பை நானே வாங்கி வைத்துக்கொண்டேன்.

நவம்பர் 28, வியாழன்

அரசாங்கக் கடிதத்தில் பொருள் என்று ஒரு வரி, அதன் கீழே பார்வை என்று ஒரு வரி இருக்கும். எந்தக் கடிதத்தைப் பார்த்து இதை எழுதினோம் என்று அங்கே போடுவார்கள். நேற்று நான் பொருளைப் படித்துவிட்டு நேரே உள்ளே போய்விட்டேன். சத்தம் அதிகமாக இருந்தது. எல்லாவற்றையும் படித்துக்கொண்டிருக்க முடியாது.

பார்வை 1: செங்கேணித் தோட்டம் குடியிருப்போர் மனு, நாள் 19.8.

இரண்டாம் பக்கத்தில்: "குடியிருப்போரே தமது மனுவில் இங்கு வசிப்பது உயிருக்கு ஆபத்தாக உள்ளது எனத் தெரிவித்துள்ளதாலும், வாசற்படி தூரம் உள்ளிட்ட முழு விவரங்களை அளித்துள்ளதாலும், தனியே கணக்கெடுப்பு தேவையில்லை எனக் கருதி..."

குழந்தைகள் என்ற சொல்லை எடுத்துவிட்டிருக்கிறார்கள்.

டிசம்பர் 2, திங்கள்

குறை கேட்கும் நாள். முப்பது பேர் போனோம். மனு என் கையெழுத்துதான், வேறு யார் எழுதுவார்கள். வேலையும் பள்ளிக்கூடமும் இங்கேயே இருப்பதால் ஐந்து கிலோமீட்டருக்குள் வீடு வேண்டும், கால்வாய்க்கு அந்தப் பக்கம் அரசாங்க நிலம் பன்னிரண்டு வருஷமாகப் பூட்டிக் கிடக்கிறது, அதில் கட்டித் தாருங்கள் என்று எழுதினேன். வீடுகளைப் பற்றி ஒரு எண் கூட எழுதவில்லை. எதையும் அளக்கவில்லை.

இரண்டு பேரைத்தான் உள்ளே விட்டார்கள். அதிகாரி பொறுமையாகத்தான் கேட்டார். "இந்த ஏரியால நிலம் என்ன விலை போகுதுன்னு தெரியுமாம்மா? அதுல போய் உங்களுக்கு வீடு கட்ட முடியுமா? நீங்கதான ஆபத்துன்னு எழுதுனீங்க?"

நல்லவேளை, பக்கத்தில் வேளாங்கண்ணி மட்டும்தான் இருந்தாள். அவள் அவர் மேசையில் இருந்த கண்ணாடி உருண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். காதில் விழுந்திருக்காது.

டிசம்பர் 4, புதன்

பட்டியல் கொடுத்தது முனிரத்தினம் அண்ணன்தான் என்று தெருவே பேசுகிறது. பொறியாளர் மேடத்துக்கு டீ கொடுத்து உட்கார வைத்தாராம், குசுகுசுவென்று பேசினாராம், எண் கூட அவர் கடையில் வந்துதான் முடிகிறதாம். யாரும் அங்கே டீ குடிப்பதில்லை. யாரோ பெஞ்சின் காலை உடைத்திருக்கிறார்கள்.

நான் வழக்கம்போல் போய் டீ வாங்கினேன். எல்லோரும் பார்க்கும்படி நின்று குடித்தேன்.

டிசம்பர் 8, ஞாயிறு

முனிரத்தினம் அண்ணன் கூப்பிட்டார். "நான் யாருக்கும் எதும் குடுக்கல டீச்சர். என் பொண்ணு மேல சத்தியம். நீயாச்சும் நம்பு."

"நம்புறேண்ணே" என்றேன்.

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. இஞ்சி தட்டிப் போட்டு இன்னொரு டீ கொடுத்தார். குடித்தேன்.

டிசம்பர் 12, வியாழன்

மழை. கால்வாய் ஏறி இருபது வீட்டுக்குள் தண்ணீர். வெள்ளத்தைக் காட்டி நம்மை முன்னாலேயே தூக்கிவிடுவார்கள் என்று ஒரே பயம். அவசர அவசரமாகப் பாத்திரத்தை மேலே ஏற்றினோம். இந்தப் பதிவேட்டை அரிசி டின்னில் வைத்தேன்.

டிசம்பர் 20, வெள்ளி

திங்கட்கிழமை ஸ்ரீவத்சன் சாரிடம் போயிருந்தேன். அடுக்குமாடி சங்கத்தில் பேசச் சொன்னேன். ஆகஸ்டில் நாற்பது பேர் கையெழுத்துப் போட்டவர்கள், இப்போது எங்களை விரட்டாமல் பக்கத்திலேயே வீடு கொடுக்கச் சொல்லியும் போடட்டும் என்றேன்.

நான்கு நாள் கழித்து இன்றுதான் பதில் சொல்கிறார். மூன்று பேர்தான் போட்டார்களாம், அவரையும் சேர்த்து. முகத்தைப் பார்க்க மாட்டேன் என்கிறார். "நான் கேட்டது நடைபாதை மட்டும்தான் மேடம். இப்படி ஆகும்னு..."

நானும் வேகத்தடை மட்டும்தான் கேட்டேன் சார் என்று சொல்லிவிட்டு வந்தேன். அவரைக் கோபித்து என்ன ஆகப்போகிறது. அவர் எழுதிய மனு இங்கிலீஷிலேயே போயிருந்தால் யாரும் படித்திருக்க மாட்டார்கள்.

ஜனவரி 3, வெள்ளி

ஒதுக்கீட்டுச் சீட்டு கொடுத்தார்கள். எங்களுக்கு ஏழாம் பிளாக், ஆறாவது மாடி. அறுபத்திரண்டு சீட்டு, அறுபத்திரண்டு பெயர்.

வேளாங்கண்ணிக்கு இல்லை. கவுண்டரில் இருந்தவர் பட்டியலை இரண்டு தடவை தடவிப் பார்த்தார். "62ல முனிரத்தினம்தான் இருக்காரு. உன் பேரு இல்லியேம்மா. வாடகைக்கு இருந்தியா? அப்ப வேற எடம் பாத்துக்கோ."

ஒரு கதவுக்கு ஒரு வரி, ஒரு பெயர். பதினோரு வீடுகளில் இப்படி இரண்டாவது குடும்பம் இருந்தது. எனக்கு அது தெரியாதா? உயிர்கள் எத்தனை என்ற கட்டத்தில் அவர்களையும் சேர்த்துத்தான் எண்ணினேன். பெயருக்கு இடம் இல்லை. தாள் இரண்டோடு முடிய வேண்டும் என்று பார்த்தேன்.

ஜனவரி 11, சனி

வேளாங்கண்ணியோடு அறை தேடிப் போனேன். ஏழு இடம். தனியாள் என்றதும் மூன்று வீட்டில் கதவை மூடிவிட்டார்கள். ஒரு வீட்டில் பெயரைக் கேட்டுவிட்டு நாங்கள் சைவம் என்றார்கள். மற்ற இடங்களில் கேட்ட வாடகைக்கு அவள் நாலு வீடு அல்ல, பத்து வீட்டில் பாத்திரம் துலக்க வேண்டும். கிடங்குக்குப் பின்னால் மாடிப்படிக்கு அடியில் ஒரு இடம் காட்டினார்கள். நிமிர்ந்து நிற்க முடியாது. அதற்கும் நேற்றே ஆள் வந்துவிட்டதாம்.

"எங்கூட வந்துடு" என்றேன்.

"உனுக்கு எதுக்கு டீச்சர் தொந்தரவு" என்றாள்.

தொந்தரவு என்று அவள் சொன்னது நாளெல்லாம் காதிலேயே இருந்தது.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். தெருவில் பதினாலு வீட்டில்தான் பானை வைத்தார்கள். நாங்கள் வைக்கவில்லை.

ஜனவரி 22, புதன்

காலை ஏழு மணிக்கு லாரிகள் வந்தன. பதினோரு மணிக்கு எங்கள் வீடு இல்லை. இயந்திரம் கையை நீட்டி ஒருமுறை இழுத்தது, அவ்வளவுதான். இருபத்தொரு வருஷம் அந்த வீட்டில் இருந்தேன். அழக்கூடாது என்று நினைத்தேன், அழுதேன். குப்பை லாரியில்தான் சாமான் ஏற்றினார்கள். கதவைக் கழற்றி எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். 19 என்று எழுதிய கதவு எனக்கு எதற்கு? எத்திராஜ் எடுத்துக்கொண்டார். கட்டில் செய்யலாமாம்.

வேளாங்கண்ணி எங்களோடேயே வந்தாள். ஒரு பையும் ஒரு குழந்தை நாற்காலியும் கொண்டுவந்தாள்.

பிப்ரவரி 6, வியாழன்

காரணைமேடு. லிப்ட் இருக்கிறது, ஓடவில்லை. தண்ணீர் காலையில் ஒரு மணி நேரம். எத்திராஜ் திங்கட்கிழமை கிளம்பினால் சனிக்கிழமைதான் வருகிறார், கிடங்கிலேயே படுத்துக்கொள்கிறார். வேளாங்கண்ணி நாலரை மணி பஸ்ஸுக்கு ஓடுகிறாள், அப்படியும் நேரத்துக்குப் போக முடியவில்லை. நாலு வீட்டில் இரண்டு வீடு அவளை நிறுத்திவிட்டது.

முனிரத்தினம் அண்ணன் பிளாக் வாசலில் ஒரு தள்ளுவண்டி போட்டிருக்கிறார். இங்கேயும் யாரும் அவரிடம் டீ குடிப்பதில்லை. எதிர் பிளாக் ஆட்கள் சிலர் வருகிறார்கள், அவர்களுக்கு இன்னும் விஷயம் தெரியாது.

என் மையம் மூடியாயிற்று. புது இடம் போடும் வரை காத்திருக்கச் சொல்லியிருக்கிறார்கள். குழந்தைகளை எடை போட ஆள் இல்லை.

பிப்ரவரி 20, வியாழன்

ஸ்ரீவத்சன் சார் போட்டோ அனுப்பியிருக்கிறார். கிடங்குச் சாலை. சிவப்புக் கல் பதித்த நடைபாதை, விளக்கு, மேடை போல உயர்ந்த வெள்ளைக்கோடு. "உங்கள் மனுவால்தான்" என்று கீழே எழுதியிருக்கிறார். அவர் நல்ல மனதோடுதான் எழுதியிருப்பார். நான் பதில் போடவில்லை.

வேளாங்கண்ணி என் தோளுக்கு மேலாகப் பார்த்தாள். "அந்த எடந்தான" என்றாள். பிறகு, "ஒரு வாட்டி போயி பாத்துட்டு வரலாம் டீச்சர்" என்றாள். தினமும் அங்கேதானே வேலைக்குப் போகிறாய் என்று கேட்டேன். பின்வாசல் வழியாகத்தான் போகிறாளாம். இத்தனை நாளாக அந்தப் பக்கம் திரும்பவே இல்லையாம்.

மார்ச் 2, ஞாயிறு

போனோம். முதல் பஸ்ஸில் நிற்க இடமில்லை. இரண்டாவதில் உட்கார்ந்தோம். கால்வாய்ப் பாலம் வரும்போது சொல்லிவிட்டேன். அறிவிப்பில் எதைப் படிக்காமல் விட்டேன், பட்டியல் யாருடையது, அவள் பெயர் ஏன் இல்லை, எல்லாம். மூன்று மாதமாக நெஞ்சில் இருந்தது மூன்று நிமிஷத்தில் முடிந்துவிட்டது.

அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, "தெரியும் டீச்சர்" என்றாள்.

"எப்பலேர்ந்து?"

"அந்த ஆபீசர் கேட்டாரே, அப்பவே. அதுக்கு மின்னயே கதவுல நம்பர் போட்டப்பவே ஒரு மாரி இருந்துச்சு. நீ அளக்கறப்போ டேப்போட அந்தப் பக்கம் புட்சிக்கினு இருந்தது யாரு? நான்தான."

ஆமாம். கால்வாய் முனையிலிருந்து டீக்கடை வரை, அறுபத்திரண்டு வாசலிலும், தார் ஓரமாகக் குத்துக்காலிட்டு டேப்பின் முனையைப் பிடித்துக்கொண்டிருந்தவள் அவள்தான். ஆகஸ்ட் 18 அன்று இதில் அதை நான் எழுதவில்லை. இப்போதுதான் திருப்பிப் பார்த்தேன்.

"ஏன் யார்கிட்டயும் சொல்லல?"

"சொல்லி? உன்ன அடிச்சிருப்பாங்கோ. அது எம் பொண்ணுக்கோசரம் எய்துன மனு." கொஞ்சம் கழித்து, "ஆனா அந்த அண்ணன் பாவம் டீச்சர். அத சொல்லிடு" என்றாள்.

கிடங்குச் சாலையில் இறங்கினோம். எங்கள் வரிசை இருந்த இடத்தில் நடைபாதை, அதன் பின்னால் தகரத் தடுப்பு. நாலு பேர் நாயோடு நடந்துபோனார்கள். டீக்கடை இருந்த இடத்தில் ஒரு பூச்செடித் தொட்டி.

வேளாங்கண்ணி வெள்ளைக்கோட்டின் முன்னால் போய் நின்றாள். கையைக் கூடக் காட்டவில்லை, சும்மா நின்றாள். ஒரு கண்டெய்னர் லாரி வந்தது. வேகம் குறைந்து, மேட்டுக்கு முன்னால் நின்றேவிட்டது. டிரைவர் போங்கம்மா என்று கையைக் காட்டினான். தாண்டினோம். அந்தப் பக்கம் போய் என்ன செய்வதென்று தெரியவில்லை. மையம் பூட்டியிருந்தது. திரும்பித் தாண்டினோம். தண்ணீர் லாரி நின்றது.

"நிக்கிறான் பாரு டீச்சர்" என்றாள். "எல்லாரும் நிக்கிறான்."

நாலு தடவை தாண்டினோம். நாலு தடவையும் நின்றார்கள். ஐந்தாவது தடவை அவள் நடுக்கோட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். யாரும் ஹாரன் அடிக்கவில்லை. தூக்கி நிறுத்திக் கூட்டிவந்தேன்.

மார்ச் 9, ஞாயிறு

தண்ணீர் பிடிக்கக் கீழே எல்லோரும் கூடியிருந்தார்கள். முனிரத்தினம் அண்ணனும் வண்டியோடு நின்றிருந்தார். சொன்னேன். என் பட்டியலின் நகலைக் காட்டினேன். அறிவிப்பின் பார்வை வரியைச் சத்தமாகப் படித்தேன். மூன்று பக்கத்தையும் ஒரு வரி விடாமல் படித்தேன்.

யாரும் அடிக்கவில்லை. திட்டவுமில்லை. பட்டியலில் பதினோராம் வரியில் இருக்கும் ஜோதிலட்சுமி தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, "இது ஸ்பீடு பிரேக்கருக்குக் கையெய்த்து வாங்குனதுதான டீச்சர்" என்றாள்.

"அத வச்சுத்தாண்டி எடுத்தாங்க."

"நீ ஏன் இப்புடிப் பேசுற? அந்தாளு மேல பரிதாபப்பட்டு உன் தலையில எடுத்துப் போட்டுக்கற. உன் கொணம் எங்களுக்குத் தெரியாதா? எம் பசங்க ரெண்டும் உங்கிட்டதான் வளந்துச்சு."

எல்லோரும் தலையை ஆட்டினார்கள். டீச்சருக்கு நல்ல மனசு என்று ஒரு கிழவர் சொன்னார். வேளாங்கண்ணி, நான்தான் டேப்பைப் பிடித்தேன் என்று கத்தினாள். குழந்தையைப் பறிகொடுத்தவள் எதையோ சொல்கிறாள் என்று அவளைப் பார்த்தார்கள். முனிரத்தினம் அண்ணன் அடுப்பை அணைத்தார். என் பக்கம் வந்து, "அன்னிக்கே சொல்லியிருக்கலாம் டீச்சர்" என்றார். வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்.

அத்தோடு விடவில்லை. இங்கே நெடுஞ்சாலையைத் தாண்டித்தான் பஸ் ஏற வேண்டும், போன வாரம் ஒரு பையன் தப்பித்தது மறுபிறவி, ஒரு மனு எழுதிக் கொடு டீச்சர் என்றார்கள். "நீ எய்துனா நடக்கும்" என்றாள் ஜோதிலட்சுமி.

மார்ச் 10, திங்கள்

தள்ளுவண்டி இல்லை. மைத்துனர் ஊருக்குப் போய்விட்டார் என்கிறார்கள்.

மார்ச் 17, திங்கள்

சூப்பர்வைசர் மேடம் போன் பண்ணினார். பழைய மையத்தின் கணக்கை இன்றே முடிக்க வேண்டும், ஒவ்வொரு குழந்தைக்கும் காரணம் போட்டு எடுக்க வேண்டும் என்றார். ஆறாவது மாடி ஜன்னல் ஓரத்தில்தான் சிக்னல் கிடைக்கிறது. அங்கே தன்ஷிகாவின் நாற்காலி கிடந்தது. உட்கார முடியாது, போனை அதில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன்.

ஒவ்வொரு பெயராகத் தொட்டேன். இடம்பெயர்ந்தது. இடம்பெயர்ந்தது. இருபத்தேழு முறை. சிலர் இந்த பிளாக்கில் இருக்கிறார்கள், சிலர் எங்கே போனார்கள் என்று தெரியாது. செயலிக்கு அது தேவையில்லை.

கடைசியில் ஒரு பெயர் இருந்தது. வயது நாலு, கடைசி எடை பதிமூன்று கிலோ நானூறு கிராம். வேளாங்கண்ணி சமையல்கட்டில் அரிசி களைந்துகொண்டிருந்தாள். அதற்கும் இடம்பெயர்ந்தது என்றே தொட்டேன். ஒப்புக்கொண்டது, ஒன்றும் கேட்கவில்லை. எடை பதிவாகாதவர் என்ற இடத்தில் சிவப்பு போய்ப் பச்சையில் பூஜ்யம் வந்தது.